சீனக் கவச வாகனங்களின் வரலாறு

சீனக் கவச வாகனங்களின் வரலாறு 1920களில் தொடங்குகிறது. வெளிநாட்டு டாங்கிகளை வாங்கியும் கைப்பற்றியும் பயன்படுத்திய சீனா, பின்னர் சோவியத் உதவியுடன் அவற்றை உற்பத்தி செய்து, படிப்படியாகச் சொந்த வடிவமைப்பை எட்டியது. இன்று உலகின் மிகப்பெரிய டாங்கிப் படைகளுள் ஒன்று சீன மக்கள் விடுதலைப் படையிடம் உள்ளது.

தொடக்க காலம்

1920களில் மஞ்சூரியாவை ஆண்ட போர்த்தலைவர் சாங் சோலினிடம் பிரெஞ்சு ரெனோ எஃப்டி டாங்கிகள் இருந்தன. 1930களில் தேசியவாத அரசு பிரித்தானிய விக்கர்ஸ் டாங்கிகளையும் செருமானியப் பன்சர் 1 டாங்கிகளையும் வாங்கியது. இவற்றுள் பல 1937 இல் சாங்காய், நாஞ்சிங் சண்டைகளில் அழிந்தன அல்லது சப்பானியரிடம் சிக்கின. 1938 இல் சோவியத் ஒன்றியம் டி-26 டாங்கிகளை வழங்கியது.

பொதுவுடைமைப் படைகள் 1945 இல் ஷென்யாங்கில் சப்பானியர் விட்டுச்சென்ற வகை 97 டாங்கிகளைக் கைப்பற்றின. அவற்றுள் ஒன்று 1948 இல் ஜின்சோ நகரைப் பிடித்த சண்டையில் பங்கேற்று 'கொங்சென்' (சாதனை வீரன்) எனப் பெயர் பெற்றது. 1949 அக்டோபர் 1 அன்று பெய்சிங்கில் நடந்த மக்கள் சீனக் குடியரசின் முதல் அணிவகுப்பிலும் அது சென்றது. இன்று பெய்சிங் இராணுவ அருங்காட்சியகத்தில் உள்ளது.

வகை 59

1950களில் சோவியத் டி-54ஏ டாங்கியைச் சீனாவிலேயே தயாரிக்கும் வாய்ப்பு கிடைத்தது. உள் மங்கோலியாவின் பாவ்தோ நகரில் அமைந்த 617ஆம் தொழிற்சாலை 1958 இல் உற்பத்தியைத் தொடங்கியது. வகை 59 எனப்பட்ட இந்த டாங்கி சுமார் 36 டன் எடையும், 100 மிமீ பீரங்கியும், 520 குதிரைத்திறன் டீசல் எந்திரமும் கொண்டது.

இது பல நாடுகளுக்குச் சென்றது. 1971 போரில் லோங்கேவாலாவில் இந்தியாவைத் தாக்கிய பாக்கித்தான் படையில் வகை 59 டாங்கிகள் இருந்தன. 1975 ஏப்ரல் 30 அன்று சைகோன் அதிபர் மாளிகையின் முதன்மை வாயிலை உடைத்து நுழைந்த 390 எண் கொண்ட வட வியட்நாமிய டாங்கியும் இவ்வகையே. 1989 சூனில் பெய்சிங்கில் தனியொரு மனிதர் மறித்து நின்ற டாங்கி வரிசையும் வகை 59 ஆகும்.

தெற்கின் நெல்வயல்களுக்கும் மலைகளுக்கும் இந்த எடை பொருந்தாததால், சுமார் 21 டன் எடையுள்ள வகை 62 இலகு டாங்கி உருவாக்கப்பட்டது. ஆனால் 1979 வியட்நாம் போரில் அதன் மெல்லிய கவசம் டாங்கி எதிர்ப்பு ஆயுதங்களைத் தாங்கவில்லை. இழப்பு கடுமையாக இருந்தது.

சொந்த வடிவமைப்பை நோக்கி

1960இல் சோவியத் வல்லுநர்கள் வெளியேறியபின் சீனத் தொழில்நுட்பம் தேங்கியது. 1969 மார்ச்சில் உசூரி ஆற்றின் சென்பாவோ தீவில் நடந்த மோதலில் ஒரு சோவியத் டி-62 சீனாவிடம் சிக்கியது. அதை ஆராய்ந்து பெற்ற அறிவு வகை 69 டாங்கிக்கு உதவியது. ஆனால் ஈராக்கிடம் இருந்த வகை 69 டாங்கிகள் 1991 வளைகுடாப் போரில் அமெரிக்க டாங்கிகளுக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. பழைய டி-54 வடிவத்தை மேம்படுத்திக்கொண்டே போவதன் எல்லையை அது காட்டியது.

அடுத்த தலைமுறையான வகை 96, வகை 99 டாங்கிகளில் 125 மிமீ பீரங்கியும் குண்டைத் தானே ஏற்றும் கருவியும் உள்ளன. இதனால் குழு நால்வரிலிருந்து மூவராகக் குறைந்தது. வகை 99 இன் முன்னோடி 1999 தேசிய நாள் அணிவகுப்பில் காட்டப்பட்டது.

பிற கவச வாகனங்களும் இணையாக வளர்ந்தன. சோவியத் பிஎம்பி-1 ஐப் பின்பற்றிய வகை 86 காலாட்படை வாகனத்திற்குப் பின், எட்டுச் சக்கர இசட்பிஎல்-08, நீரிலும் நிலத்திலும் செல்லும் இசட்டிடி-05 ஆகியவை வந்தன.

அண்மைக் காலம்

திபெத் போன்ற உயர்நிலங்களில் காற்று மெலிவதால் எந்திரத்தின் திறன் குறைகிறது. இதைக் கருத்தில்கொண்டு 105 மிமீ பீரங்கியுடைய வகை 15 இலகு டாங்கி உருவானது; 2019 அணிவகுப்பில் அது இடம்பெற்றது. 2020 லடாக் மோதலுக்குப்பின் இந்தியாவும் 25 டன் எடையுள்ள சோராவர் இலகு டாங்கியை உருவாக்கத் தொடங்கியது. சென்னை ஆவடியில் உள்ள போர் ஊர்திகள் ஆராய்ச்சி நிறுவனம் அதன் வடிவமைப்பில் ஈடுபட்டுள்ளது.