ஆய்வகத்தில் வளரும் குடலும் வேலூரின் பழைய கேள்வியும்

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் செல்வின் பேக்கர், வி.ஐ. மாத்தன் முதலியோர் 1960-களில் வட ஆர்க்காட்டுக் கிராமங்களில் பரவிய ஸ்ப்ரூ என்னும் நாட்பட்ட வயிற்றுப்போக்கு நோயை ஆராய்ந்தபோது, நோய் இல்லாதவர்களின் சிறுகுடலிலிருந்து எடுத்த திசுத் துணுக்குகளிலும் ஒரு மாறுபாட்டைக் கண்டனர். செரித்த உணவை உள்வாங்கும் நுண்ணிய நீட்சிகளான குடலுறிஞ்சிகள், மேலைநாட்டு மருத்துவ நூல்களில் உள்ளதுபோல் மெலிந்து நீண்டிராமல், அவர்களிடம் இலைபோல் அகன்றும் குட்டையாகவும் இருந்தன. எல்லா மனிதரின் குடலும் ஒன்றுபோல் இருப்பதில்லை என்ற இந்தக் கண்டறிதல், குடல் வைரஸ்களைப் பற்றி அடுத்த அரை நூற்றாண்டில் நடந்த ஆய்வுகளை மதிப்பிடுவதற்கு இன்றும் தேவையான அளவுகோலாகும்.

1973-இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் ரூத் பிஷப் குழுவினர், வயிற்றுப்போக்கால் வாடிய குழந்தைகளின் குடல் திசுவில் பின்னர் ரோட்டா எனப் பெயர்பெற்ற வைரஸை எலக்ட்ரான் நுண்ணோக்கி வழியே கண்டனர். மறு ஆண்டே வேலூர்க் குழந்தைகளிடமும் அது இருப்பது பதிவாயிற்று. ஆனால் ஒரு வைரஸைக் காண்பதும் அதை வளர்த்து ஆராய்வதும் வெவ்வேறு. ரோட்டா வைரஸை ஆய்வகங்கள் பெரும்பாலும் குரங்கின் சிறுநீரகச் செல்களிலோ புற்றுநோய்க் கட்டியிலிருந்து பெற்ற குடற்செல்களிலோ வளர்த்தன. அவை எளிதில் பெருகுபவை என்றாலும் குழந்தையின் சிறுகுடலுக்கு ஈடாகாதவை. 1968-இல் அமெரிக்காவின் நார்வாக் நகரில் ஏற்பட்ட தொற்றால் அறியப்பட்ட நோரோ வைரஸோ இத்தகைய செல்களில் வளர மறுத்தது.

இந்தக் குறை வேலூருக்குப் பெரிதாகவே பட்டது. ககன்தீப் காங் குழுவினர் அந்நகரில் 373 குழந்தைகளைப் பிறப்பிலிருந்து 3 வயது வரை தொடர்ந்து கவனித்து 2011-இல் வெளியிட்ட ஆய்வின்படி, மூன்று முறை ரோட்டா தொற்று வந்து நீங்கிய பின்னும் மிதமான அல்லது கடுமையான நோய்க்கு எதிராகக் கிடைத்த பாதுகாப்பு 79 விழுக்காடே. மெக்சிகோவில் முன்னர் நடந்த இத்தகைய ஆய்விலோ இரண்டு தொற்றுகளே முழுப் பாதுகாப்புத் தந்திருந்தன. வாய்வழித் தடுப்பு மருந்துகளும் ஏழை நாடுகளில் குறைவாகவே பலன் தருகின்றன என்பதால், இவ்வேறுபாட்டின் காரணத்தைக் குடலுக்குள்ளேயே தேட வேண்டியிருந்தது.

அதற்கான கருவி நெதர்லாந்தில் உருவாயிற்று. குடலுறிஞ்சிகளின் அடியிலுள்ள குழிகளில், ஓயாமல் பிரிந்து புதிய குடற்செல்களைத் தரும் குருத்தணுக்கள் இருக்கின்றன. அவற்றை இனங்காட்டும் புரதத்தை 2007-இல் அறிந்த ஹான்ஸ் கிளெவர்ஸ் குழுவில், தோஷிரோ சாட்டோ 2009-இல் எலியின் குருத்தணு ஒன்றைப் புரதக் கூழில் இட்டு, வளர்ச்சிக்கான சமிக்ஞைப் பொருள்களையும் அளித்தார். அது தானே மடிந்து, குழிகளும் பலவகைச் செல்களும் கொண்ட குடலின் சிற்றுருவாக வளர்ந்தது. ஆர்கனாய்டு எனப்படும் இந்தச் சிற்றுறுப்பை 2011-இல் மனிதத் திசுவிலிருந்தும் வளர்க்க முடிந்தது.

ஹூஸ்டனின் பேய்லர் மருத்துவக் கல்லூரியில் மேரி எஸ்டெஸ் குழுவினர் இச்சிற்றுறுப்புகளில் ரோட்டா வைரஸைச் செலுத்தியபோது, விலங்குகளைத் தாக்கும் வகைகளைவிட மனிதரைத் தாக்கும் வகைகள் நன்கு பெருகின. சிற்றுறுப்பின் உட்குழி நீர் கோத்து வீங்கி, வயிற்றுப்போக்கின் தொடக்கத்தையே ஆய்வுத் தட்டில் காட்டியது. நோரோ வைரஸும் 2016-இல் அதே ஆய்வகத்தில் முதன்முறையாகக் குடற் சிற்றுறுப்புகளில் பெருகியது. அதன் சில வகைகள் பித்தநீர் சேர்த்த பின்னரே பெருகின என்பது, பழைய செல் வளர்ப்புகளில் விடுபட்டவை எவை என்பதற்கு நல்ல சான்று. மேலும், செல்லின் மேற்பரப்பில் குறிப்பிட்ட சர்க்கரை அமைப்பை உண்டாக்கும் ஒரு மரபணு செயல்படாதவர்களின் சிற்றுறுப்பில் சில நோரோ வகைகள் தொற்றவில்லை. அம்மரபணுவைச் சேர்த்ததும் தொற்றின. ஒரே பந்தியில் உண்டவர்களுள் சிலர் மட்டும் நோயுறாமல் தப்புவதற்கான காரணங்களுள் ஒன்று இவ்வாறு செல் அளவில் நிறுவப்பட்டது.

தமிழ்நாட்டில் குடல் வைரஸ் பற்றிய இவ்வாய்வு குழந்தைகளை மட்டும் சார்ந்த செய்தியன்று. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வடக்குப்பட்டு வட்டாரத் தொழிற்சாலைகளின் தொழிலாளர் பலர் ஒரே சமையற்கூடத்தையும் ஒரே நீர்த்தொட்டியையும் நம்பிய விடுதிகளில் வாழ்கின்றனர். 2021 டிசம்பரில் அத்தகைய பெண்கள் விடுதி ஒன்றில் உணவு கெட்டு 150-க்கும் மேற்பட்டோர் சிகிச்சை பெற நேர்ந்தது. அது வைரஸால் நேர்ந்தது என்று சொல்வதற்கில்லை. எனினும் நோரோ வைரஸ் மிக எளிதாகப் பரவும் இடங்கள் இத்தகைய கூட்டு வாழ்விடங்களே என்பதால், அவ்வைரஸ் பற்றிய அறிவு அவ்வட்டாரத்தின் பொதுநலத்தோடு நேரடியாக இணைந்தது.

வேலூரில் முனைவர் பட்டம் பெற்ற சசிரேகா ரமணி, பேய்லரில் எஸ்டெஸ் குழுவில் சேர்ந்து இந்த ஆய்வுகளில் பங்கேற்றதோடு, வேலூரின் கேள்விகளையும் உடன் கொண்டு சென்றார். வேலூரில் பச்சிளங் குழந்தைகளிடையே பரவிய ஒரு ரோட்டா வகை, சிலரை நோயுறச் செய்தும் சிலரிடம் அறிகுறியே இல்லாமலும் தங்கியது. அவரும் வேலூர் ஆய்வாளர்களும் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், நோயுற்ற குழந்தைகளின் தாய்ப்பாலில் சில சிறப்புச் சர்க்கரைகள் மிகுந்திருந்தன என்றும், அவை பாலிலும் குழந்தையின் மலத்திலும் உள்ள சில பாக்டீரியாக்களின் அளவோடு தொடர்புற்றிருந்தன என்றும் காட்டினர். தாய், பால், நுண்ணுயிர், குடல் ஆகிய நான்கும் கூடியே நோயைத் தீர்மானிக்கின்றன என்றால், குடற்செல்கள் மட்டும் கொண்ட சிற்றுறுப்பு அதன் ஒரு பகுதியையே காட்டும்.

பேக்கரும் மாத்தனும் கண்ட குட்டையான உறிஞ்சிகள் இவ்விடத்தில் மீண்டும் முக்கியமாகின்றன. சிற்றுறுப்பு தனக்குத் திசு அளித்தவரின் மரபணுவைத் தவறாமல் சுமக்கிறது. ஆனால் அசுத்த நீரும் அடுத்தடுத்த தொற்றுகளும் அக்குடலில் விட்டுச்சென்ற மாற்றங்கள் பலவும் தூய கூழில் வளரும்போது மறைந்துவிடக்கூடும். ஆகவே நலமான குடலிலிருந்து வளர்ந்த சிற்றுறுப்பில் ஒரு தடுப்பு மருந்து நன்கு செயல்பட்டாலும், கிராமத்துக் குழந்தையின் குடலில் அது அவ்வாறே செயல்படும் என்று கொள்ள இடமில்லை. நோயெதிர்ப்புச் செல்களையும் பாக்டீரியாக்களையும் சிற்றுறுப்போடு சேர்த்து வளர்க்கும் முயற்சிகள் இவ்விடைவெளியைக் குறைக்கத் தொடங்கியுள்ளன. நலமான குழந்தைக்கு ஆய்வுக்காக மட்டும் உள்நோக்கிச் சோதனை செய்வது அறமாகாது என்பதால், வேறு காரணத்துக்காகச் சிகிச்சைக்கு வரும் குழந்தைகளிடமிருந்து, பெற்றோர் ஒப்புதலுடன் பெறும் சிறு துணுக்குகளே மூலமாக அமைய முடியும். ஒருமுறை வளர்த்ததை உறைநிலையில் காத்துப் பல ஆண்டுகள் பெருக்கலாம் என்பதால், அத்தகைய சில துணுக்குகளைக் கொண்டே இவ்வட்டாரக் குடல்களுக்கென ஒரு சேமிப்பைத் தொடங்க இயலும்.