அப்பாவின் பத்மினியும் நிஸ்ஸான் இன்ஜினும்

செம்பூரிலிருந்து தம்பி போன் செய்தான். அப்பாவின் பிரீமியர் பத்மினியில் 118 என்இ காரின் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் மாட்டப் போகிறானாம். "அப்பா வண்டிடா, கெடுத்துடாதே" என்று கத்திவிட்டேன்.

அப்புறம்தான் உறைத்தது. இப்படிக் கலந்து கட்டியது நம்ம பக்கத்து குர்லாவில் ஆலை வைத்திருந்த கம்பெனியேதான்! அங்கே 1964ல் ஃபியட் 1100 டிலைட்டாக வந்து, 1974ல் பத்மினி என்று பேர் மாறிய வண்டி இது. 1089 சிசி இன்ஜின், ஸ்டியரிங்கை ஒட்டிய கியர். 1985ல் அதே கம்பெனி ஃபியட் 124 உடம்பில் நிஸ்ஸானின் 1171 சிசி ஏ12 இன்ஜினையும் கியர்பாக்ஸையும் வைத்து 118 என்இ என்று விற்றது. கியர் தரைக்கு இறங்கியது.

தம்பிக்குத்தான் வேலை ஜாஸ்தி. இன்ஜின் மவுண்ட் மாற்ற வேண்டும், புரொபெல்லர் ஷாஃப்ட் நீளம் சரிபார்க்க வேண்டும். ஆர்டிஓ அனுமதி வாங்கி, ஆர்சியில் புது இன்ஜின் நம்பர் ஏற வேண்டும்.

20 வருட வரம்பு முடிந்து, 2023 அக்டோபரோடு பத்மினி டாக்ஸிகள் மும்பையை விட்டுப் போயின. தாதரில் இறங்கி, கூரை கேரியரில் பெட்டி கட்டி மாதுங்கா போனதெல்லாம் பழங்கதை. தம்பி வண்டியாவது ஓடட்டுமே.

திரும்பக் கூப்பிட்டுச் சொன்னேன்: "மாத்திக்கோடா. பழைய இன்ஜினை மட்டும் காயலான் கடைக்குப் போட்டுடாதே."