சிலோன் ஸ்டேஷனிலிருந்து வைஃபை வரை

லேப்டாப்பில் 'சிக்னல் வீக்' என்று காட்டினால் பிள்ளைகள் உடனே கம்பெனிக்குப் போன் போடச் சொல்கிறார்கள். நம் ராமநாதபுரம் கரைக்காரர்களுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. சிக்னல் தேய்ந்தால் நாமே எழுந்து பார்ப்போம்.

திருச்சி வானொலி 1939-லேயே வந்துவிட்டது. ஆனாலும் எங்கள் தெருவில் எல்லார் வீட்டிலும் கேட்டது சிலோன்தான். மயில்வாகனமும் கே.எஸ். ராஜாவும் அப்துல் ஹமீதும் பேசிய தமிழ் ஒரு காரணம். இன்னொரு காரணம் கடல். உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். மத்திய அலை அதன்மேல் அதிகம் தேயாமல் வரும். காய்ந்த கட்டாந்தரையில் சீக்கிரம் மெலிந்துவிடும். திருச்சிக்கும் நமக்கும் நடுவில் இருந்தது தரை.

டிரான்சிஸ்டருக்குள் கறுப்பாக ஒரு ஃபெரைட் கம்பி படுத்திருக்கும். அதன் நுனி ஸ்டேஷன் பக்கம் பார்த்தால் சத்தம் குறையும், பக்கவாட்டைக் காட்டினால் கூடும். 1983 கலவரத்துக்குப் பிறகு மண்டபம் முகாமுக்கு வந்தவர்கள், மரண அறிவித்தல் நேரத்தில் பெட்டியைத் திருப்பித் திருப்பி வைத்துக் கேட்பதைப் பார்த்திருக்கிறேன். ஊர்ப் பெயர் தெளிவாக விழுந்து, ஆள் பெயர் இரைச்சலில் போய்விட்டால் அந்த முகங்களைப் பார்க்க முடியாது. அடுத்த அறிவிப்பு வரைக்கும் பெட்டியை அணைக்கமாட்டார்கள்.

ரூபவாஹினி 1982 பிப்ரவரியில் தொடங்கியது. இங்கே மொட்டை மாடிகளில் இரும்புக் குழாய் நட்டு, உச்சியில் அலுமினிய ஆன்டெனாவைக் கட்டித் தென்கிழக்கே திருப்பினார்கள். "தெரியுதா?" என்று மேலிருந்து ஒருவர் கத்த, "இன்னும் கொஞ்சம்!" என்று கீழிருந்து வீடே கத்தும். பிதுருதலாகல மலை 2,524 மீட்டர். அவ்வளவு உயரத்திலிருந்து அனுப்பினாலும், பூமியின் வளைவால் அலை நேராக எட்டுவது 200 கிலோமீட்டர் சொச்சம்தான். ராமநாதபுரமோ 300-க்கும் மேலே. எப்படி வந்தது? காற்று அடங்கிய புழுக்கமான இரவுகளில், கடல்மேல் ஈரக் காற்றும் அதற்கு மேல் சூடான வறண்ட காற்றும் அடுக்காகப் படியும். அந்த அடுக்கு அலையை வளைத்துக் கொண்டுவந்து சேர்க்கும். அதனால்தான் நேற்று கண்ணாடி மாதிரி தெரிந்த படம் இன்று வெறும் புள்ளியாகக் கொட்டியது. பாவம், மெக்கானிக் என்ன செய்வார்!

பூஸ்டர் விஷயத்தில் பலருக்குப் பணம் வீண். அதை டிவி பக்கத்தில் வைத்தால், ஒயரில் இறங்கி வரும்போதே தேய்ந்துபோன சிக்னலோடு இரைச்சலையும் சேர்த்துப் பெருக்கும். ஆன்டெனாவின் கழுத்திலேயே கட்ட வேண்டும். உப்புக் காற்றில் பச்சை பிடித்த ஒயர் முனையை உப்புத்தாளால் தேய்த்துக் கிரீஸ் தடவினால், பூஸ்டரே தேவைப்படாத வீடுகளும் உண்டு. பிறகு ராமேஸ்வரத்தில் தூர்தர்ஷனுக்கு 323 மீட்டர் கோபுரம் எழும்பியது. கேபிளும் வந்தது. மாடிக் குழாய்கள் துணிக் கொடிக்குப் போயின.

இப்போது லேப்டாப். பெரும்பாலானவற்றில் ஆன்டெனா திரையின் ஓரத்தில்தான் இருக்கிறது. ஆகவே மூடியைக் கொஞ்சம் திருப்பிப் பார்ப்பதில் வெட்கமில்லை. ரவுட்டரை இரும்பு பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைக்காமல், நடு வீட்டில், தலைக்கு மேல் உயரத்தில் வையுங்கள். நம் பழைய வீட்டுக் கனத்த சுவரை 5 கிகாஹெர்ட்ஸ் எளிதில் தாண்டாது. தூரத்து அறைக்கு 2.4 நல்லது. ஆனால் பக்கத்து வீடுகளும் அதில்தான் இருக்கும். 1, 6, 11 என்ற சேனல்களில் கூட்டம் குறைந்ததாகப் பார்த்து மாற்றினால் போதும். சிலோனுக்கு முள்ளை ஒரு நூல் நகர்த்திய கை நமக்கு இருக்கிறதே.

போன் வழியாக லேப்டாப்புக்கு இணையம் கொடுப்பவர்கள், தனுஷ்கோடி, அரிச்சல்முனைப் பக்கம் போகும்போது ஒன்றைக் கவனியுங்கள். அங்கே அக்கரைக் கோபுரம் போனைப் பிடித்துக்கொள்வதுண்டு. ரோமிங்கை அணைத்து, நெட்வொர்க்கை நீங்களே தேர்ந்தெடுத்து வைத்துவிட்டுப் போங்கள்.