சுண்ணாம்புக் கம்பம்

ஓர் ஊரின் வரலாற்றை அறிய விரும்புவோர் முதற்கண் அதன் பெயரை ஆராய்தல் வேண்டும். இவ்வழியைத் தமிழுலகிற்குத் தெளிவுறக் காட்டியவர் சொல்லின் செல்வர் ரா. பி. சேதுப்பிள்ளை. அவர்தம் 'தமிழகம் ஊரும் பேரும்' தாய்நாட்டு ஊர்களைப் பற்றிய நூல். கடல் கடந்து வந்து நாம் வாழும் சிங்கையிலும் அவ்வாறு ஆராயத்தக்க பெயர்கள் உள. அவற்றுள் ஒன்று சுண்ணாம்புக் கம்பம்.

சில ஆண்டுகளுக்கு முன்பு வகுப்பில் இப்பெயரைக் கரும்பலகையில் எழுதி, பொருள் யாதென வினவினேன். மாணவன் ஒருவன் எழுந்து, "சுண்ணாம்பு அடித்த தூண், ஐயா" என்றான். வகுப்பு அமைதியாயிருந்தது, நகைப்பார் ஒருவருமில்லை. ஏனையோரும் அவ்வாறே எண்ணியிருந்தனர் என்பது எனக்கு அப்பொழுது விளங்கிற்று.

சிறுவன்மீது குற்றமில்லை. தமிழகத்தில் கம்பம் என்றால் தூண்தான். ஆனால் மலாயாவிலும் சிங்கையிலும் குடியேறிய நம் முன்னோர் 'கம்போங்' என்னும் மலாய்ச் சொல்லைத் தம் நாவிற்கேற்பக் கம்பம் ஆக்கிக்கொண்டனர். சிற்றூர் என்பது அதன் பொருள். ஆகவே சுண்ணாம்புக் கம்பம் என்பது சுண்ணாம்பு சுட்ட சிற்றூர். என் பாட்டியார் சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயிலை அப்பெயரிட்டு அழைத்து நான் கேட்டதில்லை. "சுண்ணாம்புக் கம்பத்துக் கோயிலுக்குப் போய் வருகிறேன்" என்றே சொல்லிப் புறப்படுவார்.

இப்பெயரின் மெய்ம்மைக்குச் சான்று வேண்டுவோர் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. சிராங்கூன் சாலைக்கும் ஜாலான் புசாருக்கும் இடையே இன்றும் கம்போங் கப்போர் சாலை என ஒன்றுண்டு. மலாய் மொழியில் 'கப்போர்' என்பதும் சுண்ணாம்பே. மலாய் மக்கள் தம் மொழியிலும், தமிழ் மக்கள் தம் மொழியிலும் ஒரே தொழிலைக் குறித்து ஒரே பெயரை இட்டுள்ளனர். மலாய்ப் பெயர் சாலைப் பலகையில் நிலைபெற்றது. தமிழ்ப் பெயர் முதியோர் நாவில் மட்டும் தங்கியது.

இனி இவ்வூரின் நில அமைப்பை நோக்குவோம். இன்று கடைகளும் ஊர்திகளும் நெருங்கிய இப்பகுதி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தாழ்ந்த சதுப்பு நிலம். தெற்கே ரோச்சோர் ஆறு ஓடியது. சிராங்கூன் சாலையோ 1828ஆம் ஆண்டளவில் குதிரை செல்லத்தக்க பாதையாக மட்டுமே இருந்தது. சுண்ணாம்புச் சூளைக்கு வேண்டியன மூன்று: சுடுதற்குச் சிப்பியோ பவளக்கல்லோ, எரித்தற்கு விறகு, சுட்டதை நீற்றுதற்கு நீர். கடலொடு கலக்கும் ஆறு முன்னிரண்டையும் படகில் கொணர வழி தரும், நீருக்கும் குறைவில்லை. நகரத்தார் குடியிருப்பு ஆற்றுக்கு அப்பால் இருந்தமையால் புகையை வெறுத்து முறையிடுவாரும் குறைவு. இத்தகைய தொழில் நகரின் விளிம்பில் அமைதல் இயல்பு. சுற்றுவட்டத்தில் செங்கற்சூளைகளும் இருந்தன.

சுண்ணாம்பு சுடுதல் எளிய தொழிலன்று. ஏறத்தாழத் தொள்ளாயிரம் பாகை வெப்பத்தில் சிப்பி தன் கரிவளியை இழந்து சுட்ட சுண்ணாம்பாகிறது. அதன்மேல் நீர் விட்டால் கொதித்துப் பொங்கி நீறாகும். சுவரில் பூசியபின் அதே கரிவளியைக் காற்றிலிருந்து மெல்ல மெல்ல உறிஞ்சி மீண்டும் கல்லாகும். இடையில் அதன் தூள் கண்ணில் பட்டால் கண் புண்ணாகும். மூச்சில் ஏறினால் நெஞ்சு எரியும். நாம் வெற்றிலையில் தடவும் நகக்கண் அளவு சுண்ணாம்பே நாவைச் சுடுமாயின், நாள் முழுதும் சூளையருகே நின்றவர் பட்ட பாட்டைச் சொல்லவும் வேண்டுமோ? அவர்கள் பெயர்கள் எந்தத் தெருவுக்கும் சூட்டப்படவில்லை.

அன்றைய சிங்கை சுண்ணாம்பால் எழுந்த நகரம். சிமெண்டு பரவாத காலத்தில் செங்கல்லைப் பிணைத்ததும் சுவரை வெளுத்ததும் அதுவே. 1825ஆம் ஆண்டு முதல் பென்கூலனிலிருந்தும் பின்னர் இந்தியாவிலிருந்தும் கொண்டுவரப்பட்ட கைதிகள் சாலைகளையும் கட்டடங்களையும் எழுப்பினர். அவர்களுக்கு மேலாளராயிருந்த மெக்நேர் என்பார் 1899இல் வெளிவந்த தம் நூலில், புனித ஆண்ட்ரூ பேராலயத்தின் உட்சுவரில் பூசிய 'மதராஸ் சுண்ணம்' செய்யும் முறையை விரித்துரைத்துள்ளார். மணல் கலவாத சிப்பிச் சுண்ணாம்போடு முட்டையின் வெண்கருவும் கருஞ்சர்க்கரையும் சேர்த்துக் குழைத்து, தேங்காய் மட்டை ஊறிய நீர் விட்டுப் பூச வேண்டும். உலர்ந்தபின் வழவழப்பான கல்லால் நெடுநேரம் தேய்க்க வேண்டும். அவ்வாறு தேய்த்த சுவர் பளிங்கென மின்னும். செட்டிநாட்டு வீடுகளைக் கண்டவர்க்கு இவ்வித்தை புதிதன்று. 1856இல் தொடங்கிய பேராலயப் பணியும், 1867 முதல் 1869 வரை நடைபெற்ற ஆளுநர் மாளிகைப் பணியும் கைதிகள் கைவண்ணமே. அம்மாளிகையே இன்றைய இஸ்தானா. கைதிகள் முகாம் 1873இல் மூடப்பட்டது. அவர்கள் பெயரும் எத்தெருவிலும் இல்லை.

சுண்ணாம்புக்கு அடுத்து இப்பகுதியை ஆண்டது எருமை. நீரும் புல்லும் மிக்க தாழ்நிலம் கால்நடைக்கு உகந்தது அன்றோ! 'கண்டாங் கெர்பாவ்' என்னும் மலாய்ப் பெயருக்கு எருமைத் தொழுவம் என்பது பொருள். கெர்பாவ் சாலை என ஒன்றும், அதே பொருளுடைய ஆங்கிலப் பெயரோடு பஃப்பலோ சாலை என ஒன்றும் அருகருகே இன்றும் உள்ளன. கல்கத்தாவிலிருந்து வந்து மாட்டு வணிகத்தில் செல்வம் ஈட்டிய யூதர் பெலிலியோஸ் பெயராலும் ஒரு சாலை உண்டு. தொழுவத்தின் பெயரைத் தாங்கிய மருத்துவமனை 1966ஆம் ஆண்டில் மட்டும் 39,835 குழந்தைகளை உலகிற்கு வரவேற்றது. எருமைத் தொழுவத்தில் பிறந்தோம் எனச் சிங்கையர் பலர் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம்!

மேற்கே ஃபேரர் பார்க்கில் 1843 முதல் குதிரைப் பந்தயம் நடந்தது. வெள்ளையர் பந்தயம் காண வந்தனர். அவர்தம் குதிரைகளைப் பேணப் பாவியான் தீவினர் வந்து இப்பகுதியில் குடியேறினர். அவர்களும் தமிழ் முஸ்லிம் வணிகரும் தொழுத மரப் பள்ளிவாசல் இருந்த இடத்தில்தான் டன்லப் தெருவின் அப்துல் கபூர் பள்ளிவாசல் எழுந்தது. 1911 மார்ச்சில் சிங்கையின் முதல் வானூர்தி பறந்ததும் அப்பந்தயத் திடலில்தான். 1933இல் பந்தயம் புக்கித் தீமாவுக்கு மாறியது.

1851இல் பெருமாள் கோயிலுக்கு நிலம் வாங்கப்பட்டது. 1881இல் காளியம்மன் கோயிலுக்கு நிலம் வாங்கப்பட்டபோது, சுற்றிலும் உழைத்த மக்கள் தம் ஊர்ப் பெயரையே அதற்கும் இட்டனர். சதுப்பு வற்ற வற்ற மாடுகள் அகன்றன, சூளைகளும் அணைந்தன, கடைவீடுகள் எழுந்தன. அம்மாற்றத்தை நிரலாக உரைப்பதில் புதுமை இல்லை. எல்லா நகரங்களின் கதையும் அதுவே.

ஈண்டு ஒரு கருத்தை வற்புறுத்த விரும்புகிறேன். 'லிட்டில் இந்தியா' என்னும் பெயர் பெருவழக்கானது 1980களில்தான். சுற்றுலாத் துறையார் அதனைப் பரப்பினர். 1989இல் அப்பெயராலேயே இப்பகுதி பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. அப்பெயரை நான் பழிக்கவில்லை. அதனால் பழைய கட்டடங்கள் பல பிழைத்தன. ஆயின் அது காண வருவோர் இட்ட பெயர். சுண்ணாம்புக் கம்பம் உழைத்தோர் இட்ட பெயர். முன்னது இவர் எந்நாட்டார் என்று மட்டும் கூறும். பின்னது இங்கு வந்து என்ன செய்தார் என்று கூறும்.

வழக்கொழிந்த பெயர் மீளாது என்பர் சிலர். அவர்கள் தேக்காவை நினைத்தல் வேண்டும். 'சிறு மூங்கிலின் அடி' எனப் பொருள்படும் ஹொக்கியென் பெயரின் திரிபு அது. தேக்கு மரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. 1982இல் புதிய சந்தைக் கட்டடம் திறக்கப்பட்டபோது, அதே சீன எழுத்துகளை மாண்டரின் ஒலிப்பில் 'சூஜியாவ்' எனப் பலகையில் எழுதினர். மீன் வாங்கச் சென்ற சீனரும் தமிழரும் மலாய்க்காரரும் அப்பெயரை நாவில் ஏற்றவில்லை. தேக்கா என்றே சொல்லி வந்தனர். பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின், 2000இல், பலகை மாறியது. தேக்கா நிலையமே நின்றது. எவரும் போராடவில்லை. மக்கள் விடாது சொல்லி வந்தனர், அவ்வளவே.

அவ்வகுப்பு மாணவர்களை ஒரு சனிக்கிழமை காலை அங்கே அழைத்துச் சென்றேன். காளியம்மன் கோயிலில் தொடங்கி, சாலையைக் கடந்து, கம்போங் கப்போர் சாலையின் பெயர்ப் பலகையடியில் நின்றோம். ரோமன் எழுத்தில் இருந்ததை உரக்கப் படிக்கச் சொன்னேன், படித்தார்கள். தமிழில் சொல்லுங்கள் என்றேன். முன்பு தூண் என்றவனே முந்திக்கொண்டு சொன்னான். பிறகு சாலையின் இருபுறமும் நோக்கி, "சூளை எந்தப் பக்கம் இருந்தது, ஐயா?" என்று கேட்டான். நாங்கள் ரோச்சோர்க் கால்வாயை நோக்கி நடந்தோம்.