‘பெறுநர்’ முதல் ‘இணைப்பு’ வரை: அலுவலகக் கடிதம் உருவான கதை

மலர்க் குழு நண்பர்கள், “நீ இன்ஜினியர்தானே, ஏதாவது டெக்னிக்கலா எழுது” என்றார்கள். பாலம், பம்பு, மோட்டார் பற்றி எழுத நம் கல்லூரியில் பலர் இருக்கிறார்கள். வேலைக்குச் சேர்ந்து பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் நான் கால்குலேட்டரைத் தொட்டதை விடக் கடிதம் எழுதியதுதான் அதிகம். அதனால் அதைப் பற்றியே எழுதுகிறேன்.

கடித அமைப்பை நாம் எல்லோரும் பள்ளியிலேயே படித்தோம். அனுப்புநர், பெறுநர், பொருள், “இப்படிக்கு” என்று போர்டில் எழுதிப் போடுவார்கள். நாமும் மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கினோம். ஒவ்வொரு வரியும் ஏன் அங்கே இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. தேடிப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணமும், பலவற்றுக்குப் பிறந்த வருஷமும் இருக்கிறது!

கோட்டையில் தொடங்கிய ‘பார்வை’

சென்னை ஜார்ஜ் கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கடைநிலை ஊழியருக்குப் பெயரே ‘ரைட்டர்’. எழுதுவதும் நகல் எடுப்பதும்தான் வேலை. 1744ல் ராபர்ட் கிளைவ் இங்கே வந்து இறங்கியதும் ஒரு ரைட்டராகத்தான்.

அன்றைக்குக் கடிதம் ஆப்பிரிக்காவைச் சுற்றி லண்டன் போய்ச் சேரப் பல மாதங்கள் ஆகும். கப்பல் மூழ்கினால் கடிதமும் போச்சு. அதனால் அதே கடிதத்தின் நகல் வேறொரு கப்பலிலும் போகும். பதில் வருவதற்குள் ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிவிடும். எழுதியவர் ஊர் மாறியிருப்பார், சில சமயம் உயிரோடே இருக்க மாட்டார். அப்புறம் எந்த விஷயத்துக்கு இந்தப் பதில் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்காகத்தான் பத்திகளுக்கு எண் போட்டார்கள். லண்டனில் இருந்தவர்களும் எந்தக் கடிதம், எந்தப் பத்தி என்று குறிப்பிட்டுப் பதில் எழுதினார்கள். இன்று நாம் ‘பார்வை: தங்கள் கடித எண், நாள்’ என்று எழுதுகிறோமே, அதுவும் இதே வேலையைத்தான் செய்கிறது. அந்தக் காலத்துக் கோட்டைப் பதிவேடுகள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

நீராவிக்காரர் தந்த நகல்

நீராவி இயந்திரத்துக்குப் பேர்போன ஜேம்ஸ் வாட்டை மெக்கானிக்கல் நண்பர்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. அவரே 1780ல் கடித நகல் எடுக்கும் முறைக்கும் காப்புரிமை வாங்கினார். தனி மையில் எழுதிய கடிதத்தின் மேல் ஈரமான மெல்லிய தாளை வைத்து அழுத்தினால் எழுத்து அதில் பதியும். அது தலைகீழாகத்தான் விழும். ஆனால் தாள் மெல்லியது என்பதால் மறுபக்கம் திருப்பினால் நேராகப் படிக்கலாம். 1806ல் ரால்ஃப் வெட்ஜ்வுட் என்பவர் கார்பன் தாளுக்குக் காப்புரிமை பெற்றார்.

ஆனாலும் கார்பன் தாளுக்கு மவுசு வந்தது டைப்ரைட்டர் வந்த பிறகுதான். 1874ல் அமெரிக்காவில் ரெமிங்டன் நிறுவனத்தின் டைப்ரைட்டர் விற்பனைக்கு வந்தது. இரும்பு எழுத்து ஓங்கி அடித்தால் நாலு தாளுக்குக் கீழேயும் பதியும். மெயிலில் தினமும் ‘சி.சி.’ போடுகிறோமே, அது கார்பன் காப்பியின் சுருக்கம்தான். கார்பன் தாளையே பார்க்காத தம்பி தங்கைகளும் அதை விடாமல் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்!

இடது ஓரமும் கையெழுத்து இடமும்

விடுமுறையில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போய் ‘லோயர்’, ‘ஹையர்’ பாஸ் பண்ணிய மூத்தோர் நம்மில் பலர். அவர்களுக்கு இது உடனே புரியும். பத்திக்குப் பத்தி உள்ளே தள்ளி, தேதியை வலப்பக்கம் கொண்டுபோய் அடிப்பது ‘செமி பிளாக்’. பார்க்க அழகு, வேலை அதிகம். எல்லா வரியையும் இடது ஓரத்திலேயே தொடங்கினால் ‘ஃபுல் பிளாக்’. கேரேஜைத் தள்ளிவிட்டு அடித்துக்கொண்டே போகலாம். பத்திகளைப் பிரிக்க ஒரு வெற்று வரி போதும். கம்ப்யூட்டரிலும் பல நிறுவனங்கள் இதையே வைத்துக்கொண்டன.

பெயருக்கு மேலே விடும் நாலு வரி இடம் கையெழுத்துக்கு. கையெழுத்து கிறுக்கலாக இருந்தாலும் கீழே பெயரும் பதவியும் தெளிவாக இருக்கும். ‘இணைப்பு: 2 தாள்கள்’ என்ற வரி, உறையைப் பிரிப்பவர் எண்ணிப் பார்ப்பதற்கு.

பீரோவும் உறையும்

முன்பெல்லாம் கடிதத்தை மடித்து, வெளிப்பக்கம் விவரம் எழுதிப் புறாக்கூடு போன்ற அறைகளில் செருகி வைப்பார்கள். 1893ல் சிகாகோ உலகக் கண்காட்சியில், காகிதங்களை நிற்க வைத்து அடுக்கும் ஃபைல் பீரோவைக் காட்டினார்கள். ஒரு விஷயத்துக்கு ஒரு ஃபைல் என்று வைக்க அது வசதியாகிப் போனது. கடிதத்தின் தலையிலேயே ‘பொருள்’ இருந்தால், எந்த ஃபைலில் போடுவது என்று குமாஸ்தா முழுக் கடிதத்தையும் படிக்க வேண்டியதில்லை.

1902ல் சிகாகோக்காரர் ஒருவர் ஜன்னல் வைத்த உறைக்குக் காப்புரிமை பெற்றார். பெறுநர் முகவரியைச் சரியான இடத்தில் அடித்துவிட்டால் உறை மேல் இன்னொரு தடவை எழுத வேண்டாம். முகவரியின் இடம் அதனால் கணக்காகிவிட்டது. 1922ல் ஜெர்மனியில் ஏ4 தாள் அளவு வகுக்கப்பட்டது. 1975ல் அது உலகத் தரம் ஆனது. 297 மி.மீ. உயரத்தை மூன்றாக மடித்தால் 99 மி.மீ.; அதற்கேற்ற உறை 110 மி.மீ. உயரம். நம் நாட்டில் 1972 ஆகஸ்ட் 15 முதல் முகவரியோடு ஆறு இலக்க பின்கோடும் சேர்ந்துகொண்டது.

நாலு கடிதம் செய்த வேலை

இதெல்லாம் பழங்கதை என்று நினைக்க வேண்டாம். நான் பார்த்த ஒரு கட்டுமான வேலையில், எதிர்த்தரப்பு அலுவலகம் வரைபடங்களை ஏழு வாரம் தாமதமாகத் தந்தது. எங்கள் சைட்டில் ஆளாளுக்குப் போனில் கெஞ்சிக்கொண்டிருந்தார்கள். ஒரு ஜூனியர் பெண் இன்ஜினியர் மட்டும் ஒப்பந்த எண், வரைபட எண், முந்தைய கடித நாள் எல்லாம் போட்டு நாலு கடிதம் எழுதி, அலுவலக நகலில் பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் வாங்கி வைத்தார். “சும்மா பேப்பரை வீணாக்கறே” என்று கேலி செய்தவர்கள் உண்டு.

இரண்டு வருஷம் கழித்து, வேலை தாமதம் என்று எங்கள் மேல் அபராதம் வந்தது. அதற்குள் இரு தரப்பிலும் பழைய ஆட்கள் மாறிப் போய்விட்டார்கள். “போனில் சொன்னோமே” என்பதை யாரும் காதில் வாங்கவில்லை. அந்த நாலு கடிதத்தையும் மேஜையில் வைத்த பிறகுதான் பேச்சே மாறியது; ஏழு வாரத்துக்கான அபராதம் விலக்கப்பட்டது. ஒப்பந்தத் தொகையில் அது சின்னப் பணம் இல்லை.

இன்றைய மாணவர்களுக்கு

1982ல் வெளியான ஆர்.எஃப்.சி. 822 என்ற மின்னஞ்சல் விதித் தொகுப்பைப் பாருங்கள். அனுப்புநர், பெறுநர், தேதி, பொருள், நகல் என்று பழைய ஆபீஸ் கடிதத்தின் வரிகளே அதில் இருக்கின்றன. ஆகவே நீங்கள் அனுப்புவது மெயிலானாலும் சில பழக்கங்களைக் கைவிடாதீர்கள்:

1. ‘பொருள்’ வரியைக் காலியாக விடாதீர்கள். ‘அர்ஜென்ட்’ என்று மட்டும் போடாதீர்கள். எந்த வேலை, என்ன விஷயம் என்று எழுதுங்கள்.
2. முந்தைய கடிதம் இருந்தால் எண்ணும் நாளும் குறிப்பிடுங்கள்.
3. ஒரு பத்தியில் ஒரு விஷயம். பல விஷயம் இருந்தால் எண் போடுங்கள்.
4. என்ன வேண்டும், எந்தத் தேதிக்குள் வேண்டும் என்பதைக் கடைசிப் பத்தியில் சொல்லுங்கள்.
5. ஆங்கிலத்தில் ‘டியர் சார்’ என்று தொடங்கினால் ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி’. பெயர் சொல்லித் தொடங்கினால் ‘யுவர்ஸ் சின்சியர்லி’. இது பிரிட்டிஷ் வழக்கம்.
6. பெயர், பதவி, இணைப்பு விவரம் தவறாமல் இருக்கட்டும்.

எழுதி முடித்ததும் ஒரு தடவை, உங்களை அறியாத ஒருவர் ஐந்து வருஷம் கழித்து அந்த ஃபைலைத் திறப்பதாக நினைத்துப் படித்துப் பாருங்கள். அவருக்குப் புரிந்தால் கடிதம் சரி.

மூத்தோருக்கு ஒரு வேண்டுகோள். பரண் மேல் பழைய அலுவலகக் கடிதங்கள், கார்பன் நகல்கள் இருந்தால் அடுத்த சந்திப்புக்குக் கொண்டு வாருங்கள். மாணவர்கள் தொட்டுப் பார்க்கட்டும்.