அதிர்வலைச் சோதனைகளில் கனரகக் கருவிகளை நிலைநிறுத்தல்

ஒரு பொருளை வேகமாக மோதி அமுக்கி, அதற்குள் அதிர்வலை ஓடிக்கொண்டிருக்கும்போதே எக்ஸ் கதிரால் அதன் அணு அடுக்கைப் படம்பிடிக்கும் சோதனைகளில், கனமான துப்பாக்கியையும் இலக்கு அறையையும் மைக்ரோமீட்டர் கணக்கில் கதிருக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தும் நுட்பம் இது.

1970இல் குவின்டின் ஜான்சனும் ஆர்தர் மிட்செலும் உடன் பணியாற்றியவர்களும் கலிபோர்னியாவின் லிவர்மோர் ஆய்வகத்தில் அதிர்வலை அமுக்கத்தின்போது எக்ஸ் கதிர் விளிம்பு விளைவைப் பதிவு செய்தனர். அன்று கதிர்க்குழாயை மாதிரி இருக்கும் இடத்துக்கே கொண்டுபோக முடிந்தது. வளையத்தில் சுற்றும் எலக்ட்ரான்களிலிருந்து எக்ஸ் கதிர் பெறும் சிங்க்ரோட்ரான் காலத்தில் நிலைமை தலைகீழானது. இல்லினாய் மாநிலத்து ஆர்கோன் ஆய்வகத்தில் 1,104 மீட்டர் சுற்றளவுள்ள வளையத்திலிருந்து வரும் கதிரை யாரும் நகர்த்திவிட முடியாது. துப்பாக்கிதான் கதிரைத் தேடி வர வேண்டும். இத்துறையின் சிக்கல்களில் பெரும்பாலானவை இங்கிருந்தே தொடங்குகின்றன.

கனத்தை நகர்த்தும் உத்தி வேறொரு துறையில் பிறந்தது. 1950களில் இங்கிலாந்தின் டன்லப் நிறுவனத்தில் எரிக் கஃப் டயர்களைச் சோதிக்க, நீளம் மாறும் ஆறு கால்கள் தாங்கும் மேடையை உருவாக்கினார். 1965இல் ஸ்டூவர்ட் விமானப் பயிற்சிக் கருவிக்காக இத்தகைய மேடையை விவரித்துக் கட்டுரை எழுதினார். மேடை அவர் பெயராலேயே அழைக்கப்படலாயிற்று. கஃபுக்கு இது நியாயம் செய்ததாகச் சொல்ல முடியாது. ஆறு கால்களும் சேர்ந்து மேடையை மூன்று திசைகளில் நகர்த்தவும் மூன்று அச்சுகளில் சாய்க்கவும் செய்யும். ஹெக்ஸாபாட் எனப்படும் இவ்வகை மேடைகள் இன்று கதிர் ஆய்வகங்களில் பரவலாக உள்ளன. ஹாம்பர்க்கின் பெட்ரா-3 வளையத்தில் 1 டன் வரை சுமக்கும் மேடை ஒன்று பொருளறிவியல் ஆய்வுக்குப் பயன்படுகிறது.

ஆர்கோனில் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகம் நடத்தும் 35ஆம் பிரிவில் துப்பாக்கிகளும் 100 ஜூல் லேசரும் கதிர்ப்பாதையிலேயே அமைந்துள்ளன. இங்கே இடத்தோடு சாய்வும் நேரமும் சேர்ந்தே சரியாக அமைய வேண்டும். 12 மி.மீ. அகலமுள்ள எறிபொருள் ஒரு மீட்டருக்கு ஒரு மி.மீ. என்ற அளவு சாய்ந்தாலும் போதும், ஒரு ஓரம் மறு ஓரத்தைவிட 12 மைக்ரோமீட்டர் முந்திவிடும். நொடிக்கு 2 கி.மீ. வேகத்தில் அது 6 நானோநொடிப் பிசகு. மறுபுறம், வளையத்தில் 24 எலக்ட்ரான் கொத்துகள் ஓடியபோது கதிர்த் துடிப்புகள் 153 நானோநொடிக்கு ஒருமுறைதான் வந்தன. அந்த இடைவெளியில் நொடிக்கு 5 கி.மீ. வேகமுள்ள அதிர்வலை முக்கால் மி.மீ. கடந்துவிடும். சுடும்போது குழல் பின்னுதைப்பதால் அடுத்த முறை எல்லாவற்றையும் மறுபடி சரிபார்த்தாக வேண்டும். மாதிரியும் ஒவ்வொரு முறையும் அழிந்துபோகிறது. ஒரே துண்டை இரண்டாவது முறை சுட்டுப் பார்க்க வழியில்லை.

இத்தனை பாடுகளுக்கும் பலன் உண்டு. அதிர்வலையில் அமுங்கும் கிராஃபைட் சில நானோநொடிகளில் அறுகோண வைரமாக மாறுவதை 2017இல் இப்பிரிவின் ஆய்வாளர்கள் வெளியிட்டனர்.

2023 ஏப்ரலில் ஆர்கோனின் பழைய வளையம் நிறுத்தப்பட்டு, 2024இல் புதியது இயங்கத் தொடங்கியது. அதன் கதிர் இன்னும் பல மடங்கு குறுகலாகக் குவியக்கூடியது.