தாத்தாவும் பாரிஸ் குதிரையும்

அச்சங்குளத்துல எங்க தாத்தா வீட்டிலிருந்து பஸ் ஏறப் போற வழியில ஒரு ஓடைப்பாலம். அதுவரைக்கும் தாத்தா ஜோராத்தான் நடப்பார். பாலம் வந்ததும் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும், கட்டைச் சுவர்ல உட்கார்ந்துடுவார். அஞ்சு நிமிஷத்துல வலி போயிடும். எழுந்து நடந்தா மறுபடி அதே தூரம், அதே வலி. "வாதம்டா" என்பார். உட்கார்ந்த இடத்துலயே ஒரு பீடி பத்த வைப்பார். நாங்களும் தைலம் தேய்ச்சு விட்டோம், "நடக்காதீங்க தாத்தா"ன்னு வீட்டோட உட்கார வெச்சோம்.

இந்த வலிக்கு ஒரு சரித்திரமே இருக்குன்னு ரொம்ப வருஷம் கழிச்சுத்தான் தெரிஞ்சது.

கதை ஒரு குதிரையில ஆரம்பிக்குது. 1831-ல் பூலே என்ற பிரெஞ்சு கால்நடை மருத்துவர் பாரிஸில் ஒரு வண்டிக்குதிரையைப் பத்தி எழுதினார். கொஞ்ச தூரம் ஓடினா பின்னங்கால் நொண்டும், நின்னா சரியாயிடும். செத்த பிறகு அறுத்துப் பார்த்தா, காலுக்கு ரத்தம் கொண்டுபோற குழாய் அடைச்சிருந்தது. 1858-ல் ஷார்கோ இதையே மனுஷனிடம் கண்டார். அவருக்குப் பழைய துப்பாக்கிக் காயத்தால் இடுப்புப் பக்க ரத்தக்குழாய் அடைபட்டிருந்தது.

விஷயம் எளிமையானதுதான். சும்மா இருக்கிற தசைக்குக் கொஞ்சம் ரத்தம் போதும், நடக்கிற தசைக்குப் பல மடங்கு வேணும். கொழுப்பு படிஞ்சு குறுகின குழாயால அதைக் கொடுக்க முடியாது.

அப்புறம் தாத்தா ராத்திரியில கட்டிலுக்குக் கீழே காலைத் தொங்கப் போட்டுத் தூங்க ஆரம்பிச்சார். தொங்கப் போட்டா ரத்தம் கொஞ்சம் இறங்கும், வலி குறையும். அது அபாய மணி. எங்களுக்குக் கேட்கலை. கட்டைவிரல் கறுத்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். 1991-ல் முழங்காலுக்கு மேல எடுத்தாங்க.

அதுக்கு 27 வருஷம் முன்னாடியே, 1964 ஜனவரி 16-ல், அமெரிக்காவின் போர்ட்லாண்டில் 82 வயசுப் பாட்டி ஒருத்தர் காலை எடுக்கவே கூடாதுன்னு மறுத்துட்டார். சார்லஸ் டாட்டர் என்ற டாக்டர் மெல்லிய குழாய்களை உள்ளே செலுத்தி அடைப்பை விரிச்சார். பாட்டி சாகும்வரை சொந்தக் காலில் நடந்தார். 1974-ல் குருன்ட்சிக் இதையே பலூன் வெச்சு மேம்படுத்தினார்.

இப்ப கையிலும் கணுக்காலிலும் பிரஷர் பார்த்து ஒப்பிட்டாலே ஓரளவு தெரிஞ்சுடும். கணுக்கால் அளவைக் கை அளவால வகுத்து 0.9-க்குக் கீழே வந்தா சந்தேகப்படணும். சர்க்கரை உள்ளவங்களுக்குக் குழாய் இறுகி இந்தக் கணக்கு தப்பலாம், வலியே தெரியாமலும் போகலாம். அவங்க பாதத்தைத் தினமும் பார்க்கணும். ஆறாத புண், சில்லிட்ட பாதம், ராத்திரி வலி இருந்தா தாமதிக்கவே கூடாது.

முதல் வைத்தியம் பீடி, சிகரெட்டை விடுறது. கொழுப்பு, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரைகள் டாக்டர் தருவார். புண் இல்லாதவங்களுக்கு இன்னொரு நல்ல மருந்து என்ன தெரியுமா? நடை! வலிக்கிற வரை நடந்து, நின்னு, மறுபடி நடக்கணும். வாரத்துல மூணு நாளாவது, 30 முதல் 45 நிமிஷம். சில மாசத்துல தூரம் கூடும்.

நாங்க அவரை உட்கார வெச்சோம்.

உங்க வீட்டுப் பெரியவங்க யாராவது பாலத்துக்குப் பாலம் உட்கார்ந்தா, வயசாயிடுச்சுன்னு விட்டுடாதீங்க. குனிஞ்சு அவங்க பாதத்தைத் தொட்டுப் பாருங்க.